'படிப்பு ஏறலை'ன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி...

சாயங்காலம் நாலேகால் மணி. நெய்வேலி நகரியத்தில் பள்ளிக்கூடம் விட்டு, சைக்கிள்கள் ஒவ்வொரு வட்டத்துக்கும் பிரிந்து போகின்றன. அதில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட். ராத்திரிதான் வீடு திரும்புவார். அம்மா வேலை முடிந்து வர ஆறரை ஆகும். கணக்கில் இந்த முறையும் பெயில். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இவனுக்குப் படிப்பு ஏறலை."

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும் வரை உள்ள அந்த இரண்டு மணி நேரத்தில், அவன் பள்ளிப் படிப்பைத் தொடர்வானா, பாதியில் நின்றுவிடுவானா என்பதையே மாற்ற முடியும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்துகிறார்கள். பையனுக்கோ ஐந்தாம் வகுப்புப் பின்னமே புரியாமல் நின்றுபோயிருக்கும். பாடம் ஓடுகிறது, பிள்ளை பின்தங்குகிறான். எழுந்து சந்தேகம் கேட்டால் வகுப்பே சிரிக்குமோ என்ற பயம். அதனால் கேட்பதில்லை. கேட்காததால் இடைவெளி இன்னும் கூடுகிறது. வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு அது 'சோம்பேறித்தனம்' மாதிரி தெரிகிறது.

டெல்லியில் 2015-ல் அரசுப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் இருந்தவர்களின் கணக்கு அறிவு, சராசரியாக இரண்டரை வகுப்பு கீழே இருந்தது. பள்ளி முடிந்தபின் தினமும் 90 நிமிடம் இயங்கும் மையங்களுக்குச் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பாதி நேரம் கணினியில், அவரவர் எந்த நிலையில் இருக்கிறாரோ அங்கிருந்து பயிற்சி. மீதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரிடம் பாடம். நாலரை மாதத்தில், மையத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறியிருந்தார்கள்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்த முன்னேற்றம் பள்ளியின் கணக்குத் தேர்வு மார்க்கில் உடனே தெரியவில்லை. பிள்ளைகள் விட்ட இடத்தைத்தான் முதலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, "இரண்டு மாசம் அனுப்பினேன், காலாண்டுத் தேர்வுல மார்க் வரலையே" என்று நிறுத்திவிடாதீர்கள். அஸ்திவாரம் போடும்போது வீடு வெளியே தெரியாது.

தமிழ்நாட்டின் அனுபவம்

கொரோனா காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்களே மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 சிறுபிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியதில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

அது சின்னப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு. ஆனால் வளரிளம் பருவத்தினருக்கும் அடிப்படைத் தேவை ஒன்றுதான்: தப்பு செய்தால் யாரும் சிரிக்காத சிறு குழு, தன் பெயர் தெரிந்த ஓர் ஆள், அன்றைக்கே முடித்துவிடக்கூடிய ஒரு சின்ன வேலை. "நேத்து வராத கணக்கு இன்னைக்கு வந்துடுச்சு" என்று பிள்ளையே சொல்லும்போதுதான் தன்னம்பிக்கை வருகிறது. அறிவுரையால் அது வருவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எங்கே விட்டது என்று பாருங்கள். திட்டாமல், ஐந்தாம் வகுப்புப் பாடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல், ஒரு பின்னக் கணக்கு கொடுங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் பின்தங்கியவர்களுக்காக 2025-26 கல்வியாண்டில் 'திறன்' திட்டம் வந்துள்ளது. பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா, மாலை வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பெற்றோர்தான். மாலை வகுப்பு வேண்டும் என்ற கோரிக்கையை அங்கே வைக்கலாம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

4. போனைப் பயன்படுத்துங்கள். 'மணற்கேணி' செயலியில் பாடங்கள் சிறு சிறு காணொளிகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் ஒன்று போதும். பார்த்ததை உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

5. விளையாட்டையும் கைவேலையையும் வெட்டாதீர்கள். மார்க் குறைந்ததும் கால்பந்தை நிறுத்துவது பல வீடுகளின் வழக்கம். அவன் ஜெயிக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ்., கலைத் திருவிழா என்று பள்ளியில் எது உண்டோ அதில் சேர்த்துவிடுங்கள்.

6. தேர்வு பயம், மன உளைச்சல், மேற்படிப்புச் சந்தேகம் எதுவானாலும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம்.

பத்தாம் வகுப்பில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. ஐடிஐ-யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். ஐடிஐ முடித்தவர்களை என்.எல்.சி. நிறுவனம் தொழிற்பழகுநர்களாக எடுப்பது நெய்வேலிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அது நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கையில் ஒரு தொழிலும் சான்றிதழும் இருக்கும். அதற்கும் அளவு, பின்னம், வரைபடம் எல்லாம் தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்பில் விட்ட பின்னம் அங்கேயும் வந்து நிற்கும்.

இன்றைக்குச் சாயங்காலம் மார்க் பற்றிப் பேச வேண்டாம். "எந்த இடத்துலடா புரியாமப் போச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, காத்திருங்கள். அந்தப் பதிலோடு பள்ளிக்குப் போனால், ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.