மோட்டார் 'திடீர்னு' புகையாது... முன்னாடியே சொல்லும்! அடுக்குமாடிவாசிகளே உஷார்

சென்னை,

காலை 6 மணி. பால் வந்தாச்சு, பேப்பர் வந்தாச்சு. குழாயில் மட்டும் காற்றுதான் வருகிறது. "வாட்ச்மேன், மோட்டார் போட்டியா இல்லையா?" என்று மூன்றாவது மாடியில் இருந்து ஒரு சத்தம். அவர் ஓடிப்போய் ஸ்விட்சை தட்டுகிறார். மோட்டார் 'உம்ம்' என்று முனகுகிறது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. அவ்வளவுதான், காயில் காலி!

சென்னை அடுக்குமாடி குடியிருப்புகளில் இது அடிக்கடி நடக்கும் கதை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்பார்கள். உண்மை என்னவென்றால், மோட்டார் பல நாளாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

தினமும் தண்ணி ஊத்துறீங்களா?

சம்ப்பில் இருக்கும் தண்ணீரை மோட்டார் 'இழுப்பதாக' நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர் உயரம் வரை முடியும். நடைமுறையில் 6, 7 மீட்டர் ஏறினாலே பெரிய விஷயம். அதுவும் உறிஞ்சு குழாய் முழுக்க தண்ணீர் நிற்க வேண்டும். காற்று புகுந்தால் 'ஏர் லாக்'.

அந்த தண்ணீரை கீழே இறங்காமல் பிடித்து வைப்பது, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு. தினமும் காலையில் தண்ணி ஊத்தினால்தான் மோட்டார் எடுக்கிறது என்றால், ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும், அல்லது குழாய் இணைப்பில் கசிவு இருக்கும். சின்ன செலவில் முடிகிற வேலை இது. தள்ளிப்போட்டால் பெரிய செலவு.

வெறுமனே ஓடினால் ஆபத்து

பம்ப்புக்குள் இருக்கும் சீல் சூடாகாமல் காப்பாற்றுவதே உள்ளே ஓடும் தண்ணீர்தான். சம்ப் காலியான பிறகும் மோட்டார் ஓடினால் சீல் கருகும். பிறகு அந்த வழியாக தண்ணீர் கசிந்து பேரிங்கில் இறங்கும். அடுத்தது காயில். சம்ப்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்தால் தண்ணீர் குறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும். லாரி தண்ணீரை நம்பி இருக்கும் குடியிருப்புகளுக்கு இது ரொம்ப அவசியம்.

சத்தத்தை கேளுங்க

* 'உம்ம்' என்று முனகி சுற்றாமல் நின்றால்: சிங்கிள் பேஸ் மோட்டாரில் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், அல்லது உள்ளே சுழலும் இம்பெல்லர் இறுகியிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப போட்டுப் பார்த்தால் காயில் எரிந்துவிடும்.

* 'கரகர' சத்தம்: பேரிங் தேய்ந்திருக்கிறது.

* கூழாங்கல் உருளுவது போல் சத்தம்: உறிஞ்சு பக்கம் அடைப்பு, அல்லது காற்று புகுகிறது.

* அரை மணி நேரத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது 50 நிமிடம் ஆகிறதா? அடைப்பு, கசிவு, தேய்மானம், மூன்றில் ஒன்று. இதை கண்டுபிடிக்க கருவி எதுவும் வேண்டாம். மோட்டார் ரூமில் ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். போட்ட நேரம், நிறுத்திய நேரம் எழுதினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

த்ரீ பேஸ் மோட்டார் உள்ள இடங்களில் ஒரு பேஸ் போனாலும் மோட்டார் எரியும். அதை தடுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மோட்டார் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் மோட்டார் இறுகிவிடும்.

மோட்டார் போனா வாங்கலாம்... உயிர் போனா?

"லேசா சுர்ருன்னு இழுக்கும் சார், பழகிடுச்சு" என்று வாட்ச்மேன் சொன்னால் அதை சாதாரணமாக விடாதீர்கள். மோட்டார் உடம்பில் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பை துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் பயனில்லை.

சம்ப் கழுவ ஆள் இறங்கும் முன் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃபியூஸை கழற்றி கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் யாராவது மோட்டாரை போட்டுவிட்டால் என்ன ஆகும்? மூடியே கிடந்த சம்ப்பில் பிராணவாயு குறைந்திருக்கும். மூடியை முன்கூட்டியே திறந்து, காற்றாடி வைத்து, மேலே ஒருவர் நிற்கவேண்டும். உள்ளே போனவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கக் கூடாது. இப்படித்தான் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகிறது. உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கழிவுநீர் தொட்டியில் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

மழைக்கு முன்னால்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைக்கு கீழே இருந்த பார்க்கிங் பல இடங்களில் மூழ்கியது நினைவிருக்கும். வடகிழக்கு பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, மழைநீர் இறைக்கும் பம்ப் குழியில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஃப்ளோட் மேலே வந்து பம்ப் தானாக ஓட வேண்டும். மின்பெட்டியும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தீயணைப்பு பம்ப் உள்ள கட்டிடங்களில் இன்னொரு கூத்து. சத்தம் தொந்தரவு என்று 'ஆட்டோ'வில் இருப்பதை 'மேனுவலுக்கு' மாற்றி வைத்துவிடுவார்கள். தீப்பிடித்தால் பம்ப் தானாக ஓடாது. வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறக்காமல் 'ஆட்டோ'வில் விடுங்கள்.

மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கலாம். ஆனால் பொறுப்பு அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும்தான். ஈரத்தரையில் நின்று தினமும் அந்த ஸ்விட்சை போடுவது அவர் கை என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று மாலை ஒருமுறை கீழே இறங்கிப்போய் உங்கள் மோட்டார் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்களேன்!