மொரப்பூரில் ரயில் மாறிய காலம்

தர்மபுரி மாவட்டத்து மொரப்பூரை ஒரு முக்கியமான ஊராக்கியது ரயில்தான். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை மதராஸ் ரயில்வே போட்ட பாதை இவ்வழியே சென்றது. தர்மபுரி நகரமோ அந்தப் பாதையிலிருந்து ஒதுங்கிப்போனது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இவ்வூர்கள் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தை வாட்டியெடுத்தது. தானியத்தை உள்ளூர்களுக்குக் கொண்டுசேர்க்கப் பாதை இருந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! அந்தப் பாடத்தில் பிறந்த பஞ்ச நிவாரணப் பாதைதான் 1906இல் திறக்கப்பட்ட மொரப்பூர்–தர்மபுரி ரயில். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது.

பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். இந்தச் சின்னப் பாதையில் வெறும் 762. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. ஆகவே மூட்டை முடிச்சோடு பயணிகள் மொரப்பூரில் இறங்கி வண்டி மாற வேண்டும். சரக்கையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆல்பரி நகரிலும் இதே கதைதான். இரு மாநிலங்களின் பாதை அகலம் வேறுபட்டதால், 1883 முதல் 1962 வரை சிட்னி–மெல்போர்ன் பயணிகள் அங்கே ரயில் மாறினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நம் சின்ன ரயில் நின்றது, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. மொரப்பூர்–தர்மபுரி அகலப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தூரம் 36 கிலோமீட்டர். பஞ்சத்தில் பாடம் கற்ற அரசே அவசியம் என்று கண்ட இணைப்பு இது. இனியும் தள்ளிப்போடக் கூடாது.