சீகோங் பயிற்சி வகைகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சீகோங் என்பது உடலசைவு, மூச்சு, மனக்கவனம் ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யும் சீனப் பயிற்சிகளின் பொதுப்பெயர். ‘கிகாங்’ என்றும் சிலர் எழுதுகின்றனர். ‘சீ’ என்பது மூச்சு அல்லது உயிராற்றலையும், ‘கோங்’ என்பது இடைவிடாப் பயிற்சியால் கைவரும் திறனையும் குறிக்கும். பெயர் ஒன்றாயினும் பயிற்சி ஒன்றன்று. நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யக்கூடியதும் உண்டு. முழங்காலை ஆழமாக மடக்கி நிற்க வேண்டியதும் உண்டு. ஆகவே, “சீகோங் செய்யலாமா?” என்று கேட்பதைவிட, “எனக்குள்ள நோய்க்கு எந்த வகை பொருந்தும்?” என்று கேட்பதே சரியானது.

போதிதருமரும் காஞ்சிபுரமும்

2011ஆம் ஆண்டு ‘7ஆம் அறிவு’ திரைப்படம் வெளிவந்த பிறகு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இப்பயிற்சி போதிதருமரின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று பழைய சீன நூல்கள் கூறுகின்றன. காஞ்சியின் பல்லவ இளவரசர் என்பது பிற்கால மரபு. அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘யீஜின்ஜிங்’ என்னும் தசைநாண் பயிற்சி நூலோ, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே வரலாற்றறிஞர் பலரின் முடிவு. நம் ஊரார் தந்த பயிற்சி என்ற பெருமிதத்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது முதுகை முறுக்கியும் வளைத்தும் செய்யும் கடினமான வகை. உடல்நலமுள்ள இளையோருக்கே பெரிதும் ஏற்றது.

எட்டுப் பட்டுத் துணிகள்

நோயாளிகளுக்கு ஓரளவு எளிதானது ‘பாதுவான்ஜின்’. இப்பெயருக்கு ‘எட்டுத் துண்டுப் பூவேலைப் பட்டு’ என்று பொருள். பட்டு நெய்யும் ஊரார்க்கு இப்பெயர் மறக்காது. எட்டு அசைவுகளைக் கொண்ட இதனைச் செய்து முடிக்க ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆகும். 2003ஆம் ஆண்டு சீன அரசு சார்ந்த அமைப்பு ஒழுங்குபடுத்தி வெளியிட்ட நான்கு வகைகளுள் இதுவும் ஒன்று.

எனினும் எட்டு அசைவுகளும் எல்லோருக்கும் பொருந்துவன அல்ல. கைகளை மேலே உயர்த்துவது, வில்லை இழுப்பதுபோல் கைகளை விரிப்பது, கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பின்னால் பார்ப்பது ஆகியவற்றை அமர்ந்தபடியே செய்யலாம். ஐந்தாவது அசைவில் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கவும். ஆறாவது அசைவில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். முதுகுத் தண்டுவட்டு விலகல், கண்நீர் அழுத்த நோய், இரத்த அழுத்த மாத்திரையால் தலைசுற்றல் ஆகியவை உள்ளவர்கள் குனியக் கூடாது. எட்டாவது அசைவில் குதிகாலை உயர்த்திச் சட்டென்று கீழே விட வேண்டும். எலும்பு வலுவிழந்த முதியோருக்கு இந்த அதிர்வு நல்லதன்று.

குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து காலால் மிதித்து நெய்பவர்களுக்குக் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் வலிகள் புதியவை அல்ல. அவர்களுக்கு முதல் சில அசைவுகளே போதும். அவற்றையும் தறியை விட்டு எழுந்து, சற்று நடந்த பின்னர்ச் செய்வது நல்லது.

பிற வகைகள்

‘வூசின்சி’ புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைப் பின்பற்றுவது. பறவை அசைவில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருப்பதால், தடுமாறும் முதியோர் தனியாகச் செய்யக் கூடாது. ‘லியூசிஜுவே’ ஆறு ஒலிகளை எழுப்பியவாறு மூச்சை நீளமாக வெளிவிடும் பயிற்சி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு உதட்டைக் குவித்து ஊதும்படி மருத்துவமனையில் கற்பிக்கும் முறைக்கு இது நெருக்கமானது. மூச்சை அடக்கச் சொல்லும் எந்த முறையையும் இதய நோயாளிகளும் கருவுற்ற தாய்மார்களும் மேற்கொள்ள வேண்டாம்.

அசையாது நெடுநேரம் நிற்கும் வகையும், அமர்ந்து ஆழ்ந்த தியானத்தில் ஈடுபடும் வகையும் உள்ளன. முன்னது கால் நரம்புச் சுருட்டல் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. பின்னதைப் பற்றி வீட்டார் அறிய வேண்டியது ஒன்று உண்டு: அளவு மீறிய பயிற்சியால் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு கையேடே பதிவு செய்துள்ளது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், தம் மருத்துவர் ஒப்புதலின்றி இதைத் தொடங்கக் கூடாது.

தம் கையிலிருந்து ‘ஆற்றலைச் செலுத்தி’ நோயைப் போக்குவதாகக் கூறுவோரும் உள்ளனர். அதற்குத் தகுந்த அறிவியல் சான்று இல்லை. பணம் கொடுக்காதீர்கள்.

எதிர்பார்க்கக்கூடிய பயன்

இதனோடு உறவுடைய தாய்ச்சி பயிற்சியை, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரி 2019ஆம் ஆண்டு உறுதியாகப் பரிந்துரைத்தது. முதியோர் தடுமாறி விழுவதையும் தாய்ச்சி குறைக்கிறது. சீகோங்குக்குச் சான்றுகள் குறைவு. இரத்த அழுத்தம் சிறிதளவு குறையலாம் என்ற ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தும் அளவுக்கு அவை போதா.

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் திருக்கோயிலுக்கு எலும்பு, மூட்டு நோயுடையோர் நெடுங்காலமாக நம்பிக்கையுடன் வருகின்றனர். வழிபட வருபவர் மருந்துப் பையையும் உடன் கொண்டுவருவதில் முரண் ஏதும் இல்லை. பயிற்சிக்கும் அதுவே பொருந்தும்.

தொடங்கும் முன்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க இயலாதவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் கேட்கலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவும் உள்ளது. காணொளியைப் பார்த்துப் பழகுபவர் அருகில் ஒருவர் இருக்கட்டும். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியும் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.

வலி மறுநாளும் நீடித்தால், அந்த அசைவை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே 108 எண்ணை அழையுங்கள். பிற ஐயங்களுக்கு 104 உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.