ஆராலுக்கு யார் உறவு?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. இப்படி நீர் வற்றும் ஆறுகளிலும் ஏரிகளிலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை விரால், பனையேறிக் கெண்டை, ஆரால் போன்ற மீன்கள். பனையேறியின் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. அதற்குள் முதல் செவுள் வளைவின் எலும்பு மடிப்பு மடிப்பாக விரிந்திருக்க, அதன்மேல் படர்ந்த மெல்லிய தோலில் ரத்தம் ஓடுகிறது. மீன் விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜன் உடலுக்குள் போவது இந்த வழியாகத்தான். விராலுக்கும் அதே இடத்தில் எளிமையான ஓர் அறை இருக்கிறது. ஆராலோ உருவத்தில் விலாங்கு போல நீண்டது. உருவத்தையும் பழக்கத்தையும் மட்டும் நம்பினால் ஆராலை விலாங்கோடும், காற்றைச் சுவாசிக்கும் விராலை நுரையீரல் மீனோடும் சேர்த்துவிடுவோம். இரண்டுமே தவறு என்று மரபணு ஒப்பீடு காட்டுகிறது. ஆரால், விராலுக்கும் பனையேறிக்கும் நெருங்கிய கிளை. விலாங்கு வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன வேறு கிளை. நுரையீரல் மீனின் கதை இன்னும் வியப்பானது. 2021இல் ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் மரபணுத் தொகுதி, சுமார் 4,300 கோடி எழுத்துகள், வாசிக்கப்பட்டபோது அது விராலைவிட நமக்கே நெருங்கிய உறவு என்பது உறுதியானது.

ஆரால் விலாங்கு இல்லை என்பதை எலும்பை ஆராய்ந்தவர்களே முன்பு சொல்லிவிட்டார்களே, மரபணு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய உறவு இல்லை என்பதோடு எலும்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. யாருடைய உறவு என்பதை மரபணுதான் தெளிவாக்கியது. இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழும் விராலின் உறவான ஈனிக்மாசன்னா என்ற மீன் நல்ல சாட்சி. 2019இல் விவரிக்கப்பட்ட இந்த மீனுக்கு விராலின் காற்றறை கிடையாது. 2020இல் எலும்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் அதைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார்கள். விரால் குடும்பத்திலிருந்து அது எப்போது பிரிந்தது என்பதில்தான் சிக்கல். எந்தப் புதைபடிவத்தை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 3.4 கோடி ஆண்டுகள் என்றும் 10.9 கோடி ஆண்டுகள் என்றும் விடை வருகிறது. இதைக் காட்டி, மரபணு வேறுபாடுகளை வைத்துப் பிரிந்த காலத்தைக் கணிக்கும் மரபணுக் கடிகாரத்தையே சந்தேகிப்பவர்கள் உண்டு. காலத்தைப் பற்றிய சந்தேகம் சரி. உறவைப் பற்றியது சரியில்லை. எந்தக் கணக்கிலும் விரால்தான் அதன் நெருங்கிய உறவு. காலமும் சிறிய விஷயம் இல்லை. முதல் விடை சரியென்றால் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கிய பிறகே பிரிவு நடந்திருக்கும். இரண்டாவது சரியென்றால் இந்த மீனின் மூதாதை மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்திய நிலத்தோடு பயணித்து வந்திருக்கும். இதைத் தீர்க்கப் பழைய விரால்களின் புதைபடிவங்கள் இன்னும் வேண்டும்.