அம்மைப்பாலும் கரப்பானும்

பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களெனப் பகுத்துத் தனி நூல் யாத்தவர் அர்-ராஸி. அவர் இனங்காட்டிய பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1796இல் ஜென்னர் தொடங்கிவைத்த அம்மை குத்தும் முறையின் பயன் அது. இப்பெரும் பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. அதைச் செலுத்தியோர் மிகச் சிலரே. அதற்காக அவர்களை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அம்மைப்பாலில் இருந்தது வேக்சீனியா என்னும் உயிருள்ள வைரஸ். குத்திய இடத்தில் கொப்புளம் எழுந்து, பொருக்குத் தட்டி உதிரும்வரை அது அங்கே வாழும். நலமான தோல் அதனை அவ்விடத்திலேயே அடக்கி வைக்கும். கரப்பான் கண்டவர்களின் தோல் அத்தகையதன்று. மேல்தோலின் அரண் அதில் குலைந்திருக்கும். வைரஸை எதிர்க்கத் தோல் தானே உண்டாக்கும் புரதங்களும் குறைந்திருக்கும். ஆகவே கொப்புளங்கள் உடலெங்கும் படரும். தீப்புண் பட்டவரைப் போல நோயாளி நீர்ச்சத்தை இழப்பார். ‘எக்ஸிமா வேக்சினேட்டம்’ என்பது இதன் பெயர். கரப்பான் ஆறித் தோல் தெளிந்தவர்களையும் இது விட்டுவைத்ததில்லை.

1968இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.4 கோடிப் பேருக்கு அம்மை குத்தப்பட்டது. இந்நோய் கண்டவர் நூற்றுச் சொச்சம் பேர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் தாம் குத்திக்கொள்ளாதவர்கள். குத்திக்கொண்டவரின் அருகிலிருந்து தொற்றுப் பெற்றவர்கள்!

2007இல் நிகழ்ந்ததும் அதுவே. அமெரிக்கப் படைவீரர் ஒருவர் அம்மை குத்திக்கொண்ட சில வாரங்களில் வீடு வந்தார். கரப்பான் இருந்த அவருடைய இரண்டு வயது மகனுக்குத் தொற்று பரவியது, தாயும் தப்பவில்லை. சிறுவயதில் கரப்பான் கண்டிருந்த அந்தத் தந்தைக்கே ஊசி விலக்கப்பட்டிருக்க வேண்டும். அம்மை குத்தியோரின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்துடன், அப்போது சோதனை நிலையிலிருந்த டெகோவிரிமேட் மருந்தும் குழந்தைக்குத் தரப்பட்டது. 48 நாட்கள் மருத்துவமனையில் இருந்து அது பிழைத்தது. அம்மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்த அச்சத்தை எல்லாத் தடுப்பூசிகள் மீதும் ஏற்றுவது அறியாமை. தட்டம்மை ஊசிக்குக் கரப்பான் ஒரு தடையன்று. மனித உடலில் பெருகவியலாத வேக்சீனியா வகையைக் கொண்டு ஆக்கிய புதிய ஊசிக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது; 2022இல் குரங்கம்மை பரவியபோது பயன்பட்டது அதுவே. குத்திய இடத்தில் தொற்றும் கொப்புளம் அதில் எழுவதில்லை. பழைய வகையைச் செலுத்துமுன் மட்டும், வருபவருக்கோ அவர் வீட்டாருக்கோ என்றேனும் கரப்பான் இருந்ததுண்டா எனக் கேட்டாக வேண்டும்.