பஞ்சாரம் காலியானால்...

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும், 'கெக் கெக்' என்று சத்தம் போட்டபடி கோழிகள் வெளியே ஓடி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்?

ஒரு நாள், அவற்றில் ஒன்று மட்டும் வரவில்லை. சிறகைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, ஒரே இடத்தில் நிற்கிறது. குருணை போட்டால் கொத்தவில்லை. மறுநாள், இன்னும் இரண்டு அப்படி நிற்கின்றன. அந்த வாரம் முடிவதற்குள் பஞ்சாரமே காலி!

வகுப்பில் யாராவது தூங்கி விழுந்தால், 'சீக்கு வந்த கோழி மாதிரி இருக்கியே' என்று கேலி செய்வோம் அல்லவா? கோழி வளர்ப்பவர்களுக்கு அது கேலி இல்லை. பெரிய கவலை.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல் என்றதும் முட்டை தான் நினைவுக்கு வரும். அங்குள்ள பெரிய பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகள் வளர்கின்றன. எந்த நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்று, அட்டவணை போட்டுக் கொடுக்கின்றனர்.

ஆனால், அதே மாவட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் மேயும் பத்து நாட்டுக்கோழிகளுக்கு? அம்மா, பாட்டி, பள்ளி விட்டு வந்ததும் இரை போடும் நீங்கள்... இவர்கள் தான் காவல்!

கொள்ளை நோய்

கோழிகளைக் கூட்டத்தோடு வாரிக் கொண்டு போகும் நோய்களில் முக்கியமானது, 'வெள்ளைக்கழிச்சல்!' பச்சையும், வெள்ளையுமாக நீர் போல எச்சமிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் காலும், சிறகும் இழுத்துக் கொள்ளும். கழுத்து திருகிப் போகும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் நோய் கடுமையாகத் தாக்கினால், 100க்கு 90 கோழிகள் கூட இறந்து விடும்.

இதற்குக் காரணம் ஒரு வைரஸ். 1926ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும், இந்தோனேசியாவின் ஜாவா தீவிலும் இந்த நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், இமயமலைப் பக்கம் உள்ள ராணிக்கெட் என்ற ஊரிலும் பரவியது. அதனால், உலகம் இதை, 'நியூகாசில் நோய்' என்கிறது; நம் நாட்டில், 'ராணிக்கெட் நோய்' என்கின்றனர்.

முட்டைக்குள் தயாரான மருந்து

அந்த ராணிக்கெட் இருக்கும் அதே குமாவுன் மலைப்பகுதியில், முக்தேஸ்வர் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தனர். நோய்க் கிருமியைக் கருவுள்ள கோழிமுட்டைக்குள் வளர்த்தனர். அதிலிருந்து எடுத்து, இன்னொரு முட்டைக்குள் வளர்த்தனர். இப்படி மாற்றி மாற்றி வளர்த்ததில், கிருமியின் வேகம் குறைந்தது. அதைக் கொண்டு, 1940களில் தடுப்பு மருந்து கண்டனர். கோழியைக் காப்பாற்றும் மருந்து, முட்டைக்குள்ளேயே தயாரானது!

இந்த யோசனைக்கு வழி காட்டியதும் கோழிகள் தான். 1879ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், கோழிக் காலரா என்ற வேறொரு நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். பல நாட்கள் கிடந்த பழைய கிருமியைக் கோழிகளுக்குச் செலுத்திய போது, அவை சாகாமல் தேறி விட்டன. பிறகு புதிய கிருமியைச் செலுத்திய போதும், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'வலுவிழந்த கிருமியைக் கொண்டே நோயைத் தடுக்கலாம்' என்று அவர் தெரிந்து கொண்டது அப்போது தான்.

ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து, நம் ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையத்தில் தயாராகிறது. பெயரைப் பார்த்துக் குழம்பி விடாதீர்கள்... அது ராணிக்கெட், இது ராணிப்பேட்டை!

விற்று விடலாமா?

ஒரு கோழி சோர்ந்து நிற்கிறது. 'மிச்சத்துக்கும் வருவதற்குள், சந்தையில் கொடுத்து காசாக்கி விடுவோம்' என்று வீட்டில் யாராவது சொல்லலாம். நோட்டு வாங்கவும், திருவிழாச் செலவுக்கும் அந்தக் கோழிகளை நம்பித் தானே இருக்கின்றனர்! அவர்கள் மேல் கோபப்பட முடியாது.

ஆனால், பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழியின் உடம்பிலும் கிருமி இருக்கலாம். கிருமி புகுந்து ஐந்தாறு நாட்கள் கழித்தும் நோய் வெளியே தெரியும். அதற்குள் சந்தையில் அதை வாங்கியவர், கூடையில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டு போயிருப்பார். அங்கே இன்னொரு சிறுமியின் பஞ்சாரம் காலியாகும். நமக்கு வந்த நஷ்டத்தை, முகம் தெரியாத ஒருவர் தலையில் கட்டலாமா?

எச்சம், தண்ணீர்க் கிண்ணம், கூடை, செருப்பு என எல்லாவற்றிலும் கிருமி பயணம் செய்யும். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகாது' என்பது பழமொழி. ஆனால், நாம் மிதித்து வந்த செருப்பால் குஞ்சு சாகக் கூடும்!

நீங்கள் செய்ய வேண்டியது

* சோர்ந்த கோழியைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லி, தனியாக வைக்கச் செய்யுங்கள். அதன் தண்ணீரை மற்ற கோழிகளுக்கு வைக்கக் கூடாது.

* பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் இப்படித் திடீரெனக் கோழிகளைக் கொல்லும். 2006ல், மகாராஷ்டிரா மாநிலம் நவாப்பூரில், இந்தியாவில் முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்டது. எந்த நோய் என்பதைச் சோதித்துத் தான் சொல்ல முடியும்.

* இறந்த கோழியை நீங்கள் தொடாதீர்கள். ஓடையிலோ, குப்பை மேட்டிலோ வீசக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைப்பது பெரியவர்கள் வேலை. நாயும், காகமும் கிளறாதபடி மூட வேண்டும்.

* கோழிகளைக் கவனித்த பின், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கிருமி பட்டால், நம் கண்ணும் சிவந்து உறுத்தும்.

வந்த பின் இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. பிப்ரவரி மாதத்தில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி, கால்நடை பராமரிப்புத் துறையினர் கிராமங்களில் இலவசமாகவே ஊசி போடுகின்றனர். ஊசி போட்டதும் பலன் வந்து விடாது. சில நாட்கள் ஆகும். நல்ல உடல்நிலையில் உள்ள கோழிகளுக்குத் தான் போட வேண்டும்.

அழலாம், தப்பில்லை!

பெயர் வைத்துக் கூப்பிட்ட கோழி செத்துப் போனால், அழுகை வரத் தான் செய்யும். 'கோழிக்கா அழுகிறே?' என்று யாரேனும் சிரித்தால் வெட்கப்படாதீர்கள். 'நான் ஒழுங்கா கவனிக்கலையோ' என்று உங்களையே திட்டிக் கொள்ளவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கிருமியை, யார் தான் வாசலில் நின்று தடுக்க முடியும்?

மறுநாளே புதுக் குஞ்சு கேட்டு அடம் பிடிக்காதீர்கள். பழைய எச்சத்தையும், குப்பையையும் கூட்டி எடுத்து, கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயிலில் காய விட வேண்டும். ஒரு மாதமாவது காலியாகவே கிடக்கட்டும். அதன் பின், பொரித்த குஞ்சுகளை வாங்கி விடுங்கள்.

அன்றைக்கே காலண்டரில் ஏழாம் நாளை எண்ணி, ஒரு வட்டம் போடுங்கள். சொட்டு மருந்து நாள் அது. அதை மறக்காமல் நினைவுபடுத்துவது, இனி உங்கள் வேலை. சரி தானே குட்டீஸ்?