பிரேக் இறுகினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டீசல் எஸ்யூவி. பிரேக் பெடல் திடீரென்று கட்டைபோல் இறுகுகிறது. அதே வாரத்தில் மீட்டரில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது. பூஸ்டரை மாற்று, ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்று என்று சொல்வது பட்டறைக்குச் சுலபம். இரண்டுமே விலை கூடிய சாமான்கள். ஆனால் தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு அமைப்புகள் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று தேடுவதுதான் முறை. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது: ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ஃபேன் பெல்ட்.

பூஸ்டர் என்பது நடுவே ரப்பர் டயாஃப்ரம் வைத்த ஒரு தகர டப்பா. பெடலை மிதித்ததும் டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைகிறது, மறுபக்கம் வேக்குவம். டயாஃப்ரம் 25 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 0.7 கிலோ அழுத்த வித்தியாசம் கிடைத்தால்கூட 340 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை பிறக்கிறது. அது இல்லாமல் போனால் அந்த வேலையும் காலின் மேல்தான் விழும். பெட்ரோல் வண்டிக்கு இந்த வேக்குவம் என்ஜினின் உறிஞ்சலிலேயே கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது என்பதால் தனியே ஒரு பம்ப் வேண்டும். சுமோ, பொலேரோ காலத்து வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் பம்ப் மெதுவாகிப் பெடல் இறுகும், சார்ஜும் குறையும். வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஏபிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு விளக்கை எரியவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எல்லா வண்டியிலும் பம்ப் அங்கேயே இருக்காதே, சிலவற்றில் கேம்ஷாஃப்ட்தானே ஓட்டுகிறது என்று கேட்கலாம். சரிதான். அப்போது இரண்டு பழுதையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்; அதற்கும் சோதனைகள் உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது, அது உதவியும் செய்கிறது. இறங்கவில்லை என்றால் உடனே பூஸ்டரைக் குறை சொல்லக் கூடாது. பம்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சல் பலமாக இல்லையென்றால் பழுது பம்பிலோ, வெடித்த ஹோஸிலோ, ஒருவழி வால்விலோ இருக்கிறது. உறிஞ்சல் நன்றாக இருந்தும் பெடல் இறங்காமல், மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்று விடாமல் காற்றுச் சத்தம் கேட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பூஸ்டரை மாற்றுகிறபோது மாஸ்டர் சிலிண்டரின் பின் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த சீல் கசிந்தால் பிரேக் ஆயில் வெளியே ஒழுகாமல் பூஸ்டருக்குள்ளேயே போய் ரப்பரைக் கெடுக்கும். புதுப் பூஸ்டரும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா? சென்சார் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் ஸ்கேனர் பேசும். பழைய வேக்குவம் பூஸ்டர்களில் பொதுவாக சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் விஷயத்திலும் ‘முன் வலது சக்கர சென்சார்’ என்று அது காட்டினால், அங்கிருந்து சிக்னல் சரியாக வரவில்லை என்றுதான் பொருள். ஒயர் உரசி அறுந்திருக்கலாம், பல்சக்கரத்தில் துருவோ சேறோ ஏறியிருக்கலாம், வீல் பேரிங் ஆடலாம். வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் காய்ந்த சாலையிலும் பெடல் அதிர்கிறதென்றால், முதல் சந்தேகம் இந்தத் துருவின் மேலும் விரிசல் விட்ட பல்சக்கரத்தின் மேலும்தான் விழ வேண்டும். இதற்கெல்லாம் முழு யூனிட்டை மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

ஏபிஎஸ் ஃபியூஸையே பிடுங்கிவிடலாம், அந்தக் காலத்தில் அது இல்லாமலா ஓட்டினோம் என்ற யோசனையை மட்டும் ஏற்க முடியாது. ஏபிஎஸ் போனாலும் சாதாரண பிரேக் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பல வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் அதே யூனிட்தான். மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், உயரமான வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. முதலில் பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

பெடல் இறுகிய வண்டியோடு 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைப் பாதையில் இறங்க நினைக்கவே வேண்டாம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைப்பவர்கள், நல்ல பூஸ்டரையும் இரண்டு மூன்று மிதியில் வெறும் டப்பாவாக்கிவிடுகிறார்கள். இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவி போய்விட்டால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, இரண்டு கால் பலத்தோடு ஒரே மிதியாக மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவமும் தீர்ந்துவிடும்.